19 அடியா, 25 அடியா: சிம்கோ ஏரிக்கு எந்த இயந்திரப் படகை வாங்குவது?

மார்க்கம்வாசி · ஏப்ரல் 6

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே வாசிப்பவனாக மட்டுமே இருந்தேன். இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டியிருப்பதால் முதன்முறையாக எழுதுகிறேன்.

நான், மனைவி, பதின்மூன்றும் ஒன்பதும் வயதான இரு பிள்ளைகள், எங்களோடு வாழும் அப்பா, அம்மா என்று வீட்டில் ஆறு பேர். தம்பி குடும்பமும் வந்து சேர்ந்தால் பத்துப் பேர் ஆகிவிடுவோம். படகு இயக்குநர் அட்டையை நானும் மனைவியும் சென்ற ஆண்டே எடுத்துவிட்டோம். வாடகைப் படகில் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் நான்கு முறை சென்று வந்த பிறகு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று 19 அடி நீளமான பவ்ரைடர். முன்புறத்திலும் இருக்கைகள் உள்ள திறந்த படகு, பின்புறத்தில் வெளியே தொங்கும் 150 குதிரைத்திறன் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டியது, 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பு. மற்றது 25 அடிக் குரூசர். உள்ளே இருவர் படுக்க இடம், சிறு அடுப்பு, கழிவறை, பின்புறத்தில் மூடிக்குள் ஒற்றை வி8 இயந்திரம், 2006ஆம் ஆண்டுத் தயாரிப்பு. விலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று வயதில் இளையது, மற்றது அளவில் பெரியது. இப்போது வீட்டில் இருப்பது 3,500 இறாத்தல், அதாவது 1,588 கிலோ வரை இழுக்கக்கூடிய மினிவேன். பெரும்பாலும் சிம்கோவில் ஓடுவோம். ஒரு நாள் ஹூரோன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவுக்கும் போக வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதால் கழிவறையுள்ள படகே நல்லது என்று மனைவி கருதுகிறார். உங்கள் அனுபவங்களை அறியத் தந்தால் உதவியாக இருக்கும்.

சோழகம் · ஏப்ரல் 6

தம்பி, பத்துப் பேர் என்ற எண்ணை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பத்துப் பேரும் ஒன்றாகக் கூடும் நாள்கள் கோடையில் எத்தனை என்று நாட்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால், மூன்றுக்கு மேல் வராது. அந்த மூன்று நாள்களுக்காக வாங்கும் படகை மிச்ச நாள்களிலெல்லாம் நீங்களே சுமக்க வேண்டியிருக்கும்.

நான் முதலில் 17 அடிப் படகு வைத்திருந்தேன். அடுத்து ஏழு ஆண்டுகள் 26 அடிக் குரூசர். இப்போது 20 அடி. பெரிய படகை வாங்கிய முதல் ஆண்டிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் நாள், இயந்திர மணி, பெற்றோல், உடன் வந்தவர்கள் ஆகியவற்றை எழுதி வந்தேன். முதல் ஆண்டில் இருபத்தாறு நாள்கள் போயிருக்கிறோம். நான்காம் ஆண்டில் பதினொரு நாள்கள். படகில் ஒரு குறையும் இல்லை. நம்முடைய கோடை அப்படிப்பட்டது. விக்டோரியா நாளிலிருந்து நன்றியறிதல் நாள் வரை ஏறத்தாழ இருபது வார இறுதிகள். அவற்றில் மழைக்கும் காற்றுக்கும் போவது போக, திருமணம், அரங்கேற்றம், கோயில் தேர், ஊர்ச் சங்க ஒன்றுகூடல் என்று மிச்சத்தில் பாதி போய்விடும். எஞ்சுவதில் பெரும்பகுதி அரை நாள்கள். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ‘இன்றைக்குப் போவோமா’ என்று கேட்டு, மூன்றரைக்குத் தண்ணீரில் இருக்க முடிகிற படகுதான் அந்த அரை நாளைக் காப்பாற்றும். என் 26 அடிப் படகுக்கு இருவர் இல்லாமல் புறப்பட முடியாது. துறையை விட்டு வெளியேறுவதற்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

அதைவிடத் துறைக்குத் திரும்புவது எனக்கு எப்போதும் நெஞ்சிடி. ஒற்றை இயந்திரக் குரூசருக்குத் தனியாகச் சுக்கான் இல்லை. புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர்தான் அதைத் திருப்புகிறது. கியரை நடுவில் வைத்த நொடியில் திருப்பும் பிடி போய்விடும். உயர்ந்த பக்கங்களில் பக்கக் காற்று அடித்தால் அணியம், அதாவது படகின் முன்பகுதி, காற்றோடு சாயத் தொடங்கும். நீங்கள் இங்கே திருப்ப, அது அங்கே போகும். ஒரு மாலையில் பக்கத்துப் படகின் நங்கூரம் என் படகின் கைப்பிடிக் கம்பியை வளைத்த சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. இரட்டை இயந்திரம் இருந்தால், அல்லது அணியத்தில் பக்கவாட்டு உந்தி இருந்தால் வேறு கதை. நீங்கள் பார்த்திருக்கும் விலையில் அவை அமைவது அரிது.

இனி இழுப்பதைப் பற்றி. 25 அடிக் குரூசர் வெறுமையாக ஏறத்தாழ 2,700 கிலோ இருக்கும். அதற்கேற்ற ட்ரெயிலர் 700 கிலோ, நிரம்பிய பெற்றோல் 200 கிலோ, குடிநீர்த் தொட்டி, நங்கூரம், சங்கிலி, மெத்தை, சமையற் பொருள் எல்லாம் சேர்ந்தால் 3,800 கிலோவைத் தாண்டும். ஒன்ராறியோவில் சாதாரண ஜி வகை ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தில் 4,600 கிலோ வரை இழுக்கலாம். ஆகவே சட்டம் தடுக்காது. ஆனால் அதற்கு உங்கள் மினிவேனை விற்றுவிட்டுப் பெரிய பிக்கப் ஒன்றை வாங்க வேண்டும். இழுக்காமல் துறையிலேயே கட்டி வைக்கலாம் என்றால், துறைக் கட்டணம், குளிர்காலப் பிளாஸ்ரிக் போர்வை, சிம்கோவை ஜோர்ஜியன் குடாவோடு இணைக்கும் ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழியில் படகை ஏற்றி இறக்கும் மடைகளின் கட்டணம் எல்லாமே அடிக் கணக்கில் வரும். 19 அடியிலிருந்து 25 அடிக்கு நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. எடையோ இரு மடங்குக்கும் மேலாகிறது. பெற்றோல் எடையைப் பார்த்துத்தான் எரியும். 150 குதிரைத்திறன் வெளியிணைப்பு இயந்திரம் சீரான ஓட்டத்தில் மணிக்கு 25 முதல் 30 லீற்றர் எடுத்தால், அந்த வி8 அறுபது லீற்றருக்கு மேல் எடுக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 19 அடிப் படகை வாங்குவேன்.

பாறைத்தீவு · ஏப்ரல் 7

சோழகம் அண்ணாவின் கணக்குகளை நான் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். படகு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, திரும்பி வரும்போது ஏரி எப்படி இருக்கும் என்பதுதான்.

சிம்கோ 722 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஏரி. சராசரி ஆழம் 15 மீற்றர் அளவே. அகன்ற, ஆழம் குறைந்த ஏரியில் காற்று எழுந்தால் அலைகள் உயரத்துக்கு ஒவ்வாத அளவு நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். ஒன்றின் முதுகில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது நிற்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் 18 அடிப் பவ்ரைடர் இருந்தபோது, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், ஏரியின் மேற்குப் பக்கத்துக் கெம்பன்ஃபெல்ட் குடாவில் நண்பகல் வரை கண்ணாடி போலக் கிடந்த தண்ணீரில் பிள்ளைகளை நீந்தவிட்டு, மூன்று மணிக்குக் கிழக்குக் கரைக்குத் திரும்பினோம். குடாவின் வாயைத் தாண்டியபோது வடமேற்குக் காற்று பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது. ஏரியின் நடுவில், ஒரு அலையின் முதுகிலிருந்து இறங்கிய வேகத்தில் அணியம் முன்னால் நின்ற அலைக்குள் குத்தியது. முன்னிருக்கைகளின் மீது தண்ணீர் முழுதாக ஏறியது. பவ்ரைடரின் அணியம் திறந்த தொட்டி போன்றது. இருநூறு லீற்றர் தண்ணீர் ஏறினால் இருநூறு கிலோ எடை ஒரே நொடியில் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும், அணியம் தாழும், அடுத்த அலை இன்னும் எளிதாக ஏறும். வேகத்தைக் குறைத்து, தண்ணீரை வெளியேற்றும் பம்பியை ஓடவிட்டு, எல்லோரையும் பின்னுக்கு அழைத்து, அலைகளைச் சாய்வாக வெட்டிக்கொண்டு கரை சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. மனைவி இளைய மகளின் உயிர்காப்பு அங்கியைப் பற்றிய கையை எடுக்கவே இல்லை.

மூடிய அணியமும் எடையும் உயரமும் உள்ள படகில் அந்தப் பிற்பகல் வெறும் குலுக்கலாகப் போயிருக்கும். அதனால்தான் நான் 27 அடிக்குப் போனேன், இன்று ஜோர்ஜியன் குடாக் கரையின் ஹனி ஹார்பரில் வைத்திருக்கிறேன், வருந்தவில்லை. அங்குள்ள போசோலேய் தீவின் துறையில் கட்டிவிட்டு, இரவில் பிள்ளைகளோடு மேற்தளத்தில் படுத்து வானம் பார்ப்பது 19 அடிப் படகில் இல்லாத வாழ்க்கை.

அது மட்டுமன்று. சிம்கோவிலிருந்து ஜோர்ஜியன் குடாவுக்கு ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழியால் போகலாம். டிரென்டனிலிருந்து போர்ட் செவேர்ன் வரை மொத்தம் 386 கிலோமீற்றர் நீளமான பாதை அது. அதன் கடைசிப் பகுதியில் பிக் சூட் என்ற இடத்தில் மடைக்குப் பதிலாகத் தண்டவாளம் உண்டு. உங்கள் படகைப் பெரிய வண்டி ஒன்று தண்ணீரிலிருந்து தூக்கி, வீதியைக் கடந்து, மேட்டுக்கு அப்பால் கொண்டுபோய் மறுபடியும் தண்ணீரில் இறக்கும். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டிய காட்சி. அந்தப் பயணத்துக்கு ஒரு இரவாவது படகில் தங்கத் தோன்றும்.

நீலாம்பரி · ஏப்ரல் 7

கழிவறையைப் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் எழுதுகிறேன். நாங்களும் அதே காரணத்துக்காகத்தான், என் அம்மாவுக்காகத்தான், 24 அடிக் கபின் படகை வாங்கினோம். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது, முழங்கால் நோவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டியிருக்கும்.

விற்றவர் காட்டியபோது அந்தக் கழிவறை நன்றாகவே இருந்தது. நான் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தேன். அம்மா அதைப் பயன்படுத்த வேண்டிய நாளில்தான் மற்றவை தெரிந்தன. ஓட்டுபவர் இருக்கைக்குப் பக்கத்தில் மூன்று படிகள், ஏணி போலச் செங்குத்தானவை. இறங்கியதும் தலையைக் குனிய வேண்டும். கழிவறைக் கதவு என் தோளளவு அகலம். உள்ளே திரும்ப இடமில்லை. ஆகவே பின்பக்கமாக நுழைய வேண்டும். படகு நின்ற நிலையிலும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அம்மா முதற் படியில் ஒரு காலை வைத்து, மேலே இருந்த கம்பியைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றார். பிறகு காலை எடுத்துவிட்டு, ‘பரவாயில்லை பிள்ளை, கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்’ என்றார். நான்கு கோடைகளில் ஒரு முறைகூட அவர் அந்தக் கழிவறைக்குள் போகவில்லை. மனதில் கொள்ள வேண்டிய இன்னொன்று: ஒன்ராறியோவில் கழிவை ஏரியில் விட முடியாது, தொட்டியில் சேர்த்து, பம்பியுள்ள துறைக்குப் போய் உறிஞ்சி எடுக்கக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் பயன்படுத்தியதால் அந்த வேலை மட்டும் எங்களுக்குத் தவறாமல் வந்தது.

ஏறி இறங்குவதும் அப்படித்தான். தாழ்வான பக்கமுள்ள சிறிய படகில் அம்மா துறையில் உட்கார்ந்து, காலைப் படகுக்குள் வைத்து, எழுந்து விடுவார். உயர்ந்த பக்கமுள்ள படகில் பின்பக்க நீச்சல் தட்டால்தான் ஏற்ற முடிந்தது; அதற்குப் படகைத் துறையில் பின்பக்கமாகக் கட்ட வேண்டும்; காற்றுள்ள நாளில் அதுவும் நடக்காது.

வாங்குவதற்கு முன் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். இரண்டு படகுகளிலும் ஏறி, உட்கார்ந்து, கழிவறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். விற்பவர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள்.

மார்க்கம்வாசி · ஏப்ரல் 9

மூவருக்கும் மிக்க நன்றி. நீலாம்பரி அக்கா எழுதியதை மனைவி இரண்டு முறை வாசித்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் அழைத்துச் செல்லப் போகிறோம். இரண்டு படகுகளும் இன்னும் போர்வைக்குள் தரையில்தான் இருக்கின்றன. ஏணி வைத்து ஏறத்தான் முடியும், இருந்தாலும் உள்ளே நடமாடிப் பார்க்கலாம்.

இயந்திரத்தைப் பற்றி அறிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் வி8 கார் இயந்திரம் போன்றதுதான், எந்தக் கராஜிலும் திருத்தலாம் என்று விற்பவர் சொல்கிறார்.

இரும்புக்கை · ஏப்ரல் 9

பதினெட்டு ஆண்டுகளாகப் படகு இயந்திரம் திருத்துவதே என் தொழில். விற்பவர் சொன்னதில் பாதி உண்மை. இரும்புக் கட்டை கார் இயந்திரத்தின் வழிவந்ததுதான். அதைக் குளிர்விக்கும் முறையும், அதிலிருந்து புரொப்பெல்லர் வரை உள்ளவையும் காருக்குரியவை அல்ல.

இத்தகைய இயந்திரங்களில் பெரும்பாலானவை ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்துக் குளிர்விக்கின்றன. இலையுதிர் காலத்தில் அந்தத் தண்ணீர் முழுதும் வடியவில்லை என்றால், டிசம்பரில் உறைந்து இரும்புக் கட்டையைப் பிளந்துவிடும். பிளவு பெரும்பாலும் பக்கவாட்டில் தலைமயிர் அளவுக் கோடாகத்தான் தெரியும். வசந்தத்தில் இயந்திரம் கிளம்பும். ஆனால் எண்ணெய் பாலும் கோப்பியும் கலந்த நிறத்துக்கு மாறியிருக்கும். ஆகவே எண்ணெய்க் கம்பியை இழுத்து, வெள்ளைத் துணியில் துடைத்து, நிறத்தைப் பாருங்கள். வெளியிணைப்பு இயந்திரத்தை நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும்; நம் நாட்டுக் குளிருக்கு அது பெரிய நன்மை.

அடுத்து, படகின் பின்பலகைக்கு வெளியே தண்ணீருக்குள் இருக்கும் உந்துபகுதி. அதை உள்ளே உள்ள இயந்திரத்தோடு இணைக்கும் தண்டைச் சுற்றி மடிப்பு மடிப்பான இறப்பர் உறைகள் உண்டு. அவை வெடித்தால் தண்ணீர் நேரே படகுக்குள் வரும். 2006ஆம் ஆண்டுப் படகில் அவற்றை எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எண்ணிக்கொண்டு அந்தச் செலவை விலையிலிருந்து கழிக்கக் கேளுங்கள். புகையை வெளியேற்றும் இரும்புக் குழாய்களும் அப்படியே. உள்ளிருந்து துருப்பிடிப்பதால் வெளியே அழகாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டு படகுகளுக்கும் பொதுவான ஒரு சோதனை உண்டு. பின்பலகையில் கண்ணாடிநார் உறைக்குள் பல படகுகளில் மரம் இருக்கிறது. திருகாணித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்தால் அந்த மரம் வெளியே தெரியாமல் உக்கிப்போகும். சிறு சுத்தியலின் பிளாஸ்ரிக் முனையால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல மரம் ‘டக், டக்’ என்று கூர்மையாகப் பதில் சொல்லும். உக்கிய இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ஓசை அமுங்கும். சென்ற ஆண்டு ஒருவர் என்னிடம் கொண்டுவந்த படகில், பின்பலகையில் முழங்கை அளவு வட்டத்தில் ஓசை இல்லை. திருகாணி ஒன்றைக் கழற்றியபோது கறுத்த தண்ணீர் ஒழுகியது. அவர் பணத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தார். வாங்குமுன் ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள். அந்தச் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மூடிக்குள் பெற்றோல் இயந்திரம் உள்ள படகைத்தான் வாங்குவதென்றால், ஒவ்வொரு முறை கிளப்புமுன்னும் இயந்திர அறையின் காற்றூதியைக் குறைந்தது நான்கு நிமிடங்கள் ஓடவிட வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். பெற்றோல் நிரப்பிய பிறகு இதை மறந்தவர்களின் படகுகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சோழகம் · ஏப்ரல் 10

பாறைத்தீவுக்கு ஒரு மறுமொழி. நீங்கள் அன்று அகப்பட்டது படகு சிறியதாக இருந்ததாலா, மூன்று மணிவரை காத்திருந்ததாலா? கோடையில் வெயில் ஏற ஏறக் காற்று எழுவது சிம்கோக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததே. காலையில் போய் நண்பகலில் திரும்புவது, வானிலை அறிக்கையில் பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் புறப்படாமல் இருப்பது, கரையை ஒட்டி ஓடுவது ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் 19 அடியில் நிம்மதியாக இருக்கலாம். பெரிய படகு துணிச்சலைக் கூட்டிவிடுகிறது. என் 26 அடிப் படகு தந்த துணிச்சலில் நான் போயிருக்கக் கூடாத நாள்களும் இருந்தன.

பாறைத்தீவு · ஏப்ரல் 10

இரண்டும்தான் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. அன்று நான் வானிலை பார்க்கவில்லை. ஆனால் வானிலை பார்த்தவர்களையும் ஏரி ஏமாற்றும்; அந்த நேரத்தில் எடையும் உயரமும் உதவும் என்பதில் என் கருத்து மாறவில்லை. ஒன்ராறியோ ஏரியில் இது இன்னும் கடுமை. அந்த ஏரி 311 கிலோமீற்றர் நீளம். கிழக்குக் காற்று அவ்வளவு தூரமும் அலையை உருட்டிக்கொண்டு வரும். மார்க்கத்திலிருந்து ஸ்காபரோ புளஃபர்ஸ் பூங்கா இறங்குதளம் பக்கத்தில்தானே என்று மே மாதத்தில் அங்கே இறக்கிவிடாதீர்கள். அப்போது தண்ணீர் பத்துப் பாகைக்கும் கீழே இருக்கும். அத்தகைய குளிரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்குவதிலேயே போய்விடும். கைகால்கள் சொன்னபடி கேட்பது அதன்பின் ஏறத்தாழ பத்து நிமிடங்களே. அங்கி பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை. உடம்பில் இருக்க வேண்டும்.

மார்க்கம்வாசி தம்பிக்கு: ஆறு மீற்றருக்குக் குறைந்த படகில் ஆட்களின் எண்ணிக்கையையும் எடையையும் குறிக்கும் தகடு ஒட்டப்பட்டிருக்கும். 19 அடிப் படகு அந்த வரம்புக்குள் வருகிறது. 25 அடிப் படகில் அந்த எண்கள் பெரும்பாலும் இருக்காது. அதனால் பத்துப் பேரை ஏற்றலாம் என்று பொருளாகாது. தகட்டில் எட்டு என்று இருந்தாலும் சிம்கோவில் ஆறு பேரோடு நிறுத்துங்கள். தம்பி குடும்பம் வரும் நாளில் இரண்டு முறையாகக் கூட்டிப்போங்கள். அணியத்தை மூடும் உறுதியான துணிப்போர்வையையும் வாங்குங்கள். அலை எழுந்ததும் முன்னால் இருப்பவர்களைப் பின்னுக்கு அழைத்து அதைப் பூட்டுங்கள். அன்று என்னிடம் அது இருக்கவில்லை.

மார்க்கம்வாசி · மே 19

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஏப்ரலில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துச் சென்றோம். அம்மா குரூசருக்குள் இறங்கினார். ஏறுவதற்கு அப்பா கீழிருந்தும் நான் மேலிருந்தும் உதவ வேண்டியிருந்தது. மேலே வந்து மூச்சு வாங்கிய பிறகு, ‘வீடு மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் கீழே இருந்தால் ஏரி தெரியாதே’ என்றார். அப்பாவோ 19 அடிப் படகில் பின்பக்கத்து மூலை இருக்கையில் உட்கார்ந்தவர் அங்கிருந்து எழவே மனமில்லாமல் இருந்தார்.

குரூசரின் பின்பலகையை இரும்புக்கை அண்ணா சொன்னபடி தட்டினேன். ஓசை நன்றாகவே இருந்தது. இறப்பர் உறைகளுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. விலையைக் குறைக்க விற்பவர் உடன்படவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு எதிர்பாராத ஒன்று நடந்தது. 19 அடிப் படகை அதன் உரிமையாளரின் பிக்கப்பிலேயே எடைமேடைக்குக் கொண்டுபோய், ட்ரெயிலரோடும் நிரம்பிய பெற்றோலோடும் எடை பார்த்தோம். 1,640 கிலோ. என் மினிவேனின் வரம்பு 1,588. விளம்பரத்தில் போட்டிருந்தது வெறும் படகின் எடை மட்டுமே. இயந்திரமும் ட்ரெயிலரும் பெற்றோலும் நங்கூரமும் அதில் இல்லை. ட்ரெயிலர் 1,360 கிலோவுக்கு மேல் இருப்பதால் அதற்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பிரேக் இருந்தது, ஆனால் ஒரு சில்லில் பிடிக்கவில்லை. ஐம்பது கிலோதானே, மெல்லப் போகலாம் என்றார் உரிமையாளர். ஆறு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு, வரம்பைத் தாண்டிய எடையைப் பின்னால் கட்டி 404 நெடுஞ்சாலையில் போக எனக்கு மனம் வரவில்லை.

சென்ற சனிக்கிழமை கெசிக் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம். மேற்கிலிருந்து நடுத்தரக் காற்று. குக்ஸ் குடாவை விட்டு வெளியே வந்ததும் அரை மீற்றர் அலைகள். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அடித்த அடி தண்டுவடத்தில் கேட்டது. 28க்குக் குறைத்து, அணியத்தைச் சற்றுத் தாழ்த்தி வைத்தபோது தாங்கக்கூடியதாக மாறியது. மனைவி ஓட்டினார், துறைக்கும் அவரே கொண்டுவந்து கட்டினார். இரண்டாம் முயற்சியிலேயே சரியாக வந்தது.

19 அடிப் படகையே வாங்கிவிட்டோம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஏரிக்கரையில் ஒரு படகுத்துறையின் முற்றத்தில் ட்ரெயிலரிலேயே வைத்திருக்கிறோம். முந்தைய நாள் அழைத்துச் சொன்னால் அவர்களுடைய உழவு இயந்திரத்தால் தண்ணீரில் இறக்கி வைப்பார்கள். கட்டணம் அடிக் கணக்குத்தான். 25 அடிக்குத் துறையில் இடம் எடுப்பதில் ஏறத்தாழ பாதி. வேன் வேனாகவே இருக்கும். ஜோர்ஜியன் குடாவுக்குப் போவதானால் மடை வழியாக மெல்லப் போய், இரவில் கரையில் அறை எடுத்துத் தங்குவதாக எண்ணியிருக்கிறோம். பாறைத்தீவு அண்ணா, அந்த நாளில் உங்கள் படகைப் பின்தொடர அனுமதிப்பீர்களா? அங்கே பாறைகளுக்கு இடையே வரைபடத்தை மட்டும் நம்பிப் போக இன்னும் துணிவில்லை.

ஒரு கேள்வி மிச்சம். அம்மாவுக்கு எந்த வகை உயிர்காப்பு அங்கி பொருந்தும்? கடையில் போட்டுப் பார்த்தவை எல்லாம் கழுத்தை நெரிக்கின்றன என்கிறார்.

பாறைத்தீவு · மே 19

தாராளமாக வாருங்கள். ஜூலை இரண்டாம் வாரம் நான் அங்கே இருப்பேன். போர்ட் செவேர்னில் சந்திப்போம். அங்கிருந்து ஹனி ஹார்பர் வரை சிவப்பு, பச்சை மிதவைகளைப் பார்த்து என் பின்னால் வந்தால் போதும். வேகம் நான் சொல்லும் வேகம். மாற்றுப் புரொப்பெல்லர் ஒன்றையும் அதற்குரிய சாவியையும் எடுத்து வாருங்கள்.

நீலாம்பரி · மே 20

வாழ்த்துகள். அங்கியைத் தலைவழியாகப் போடாமல், முன்னால் ஜிப் பூட்டும் வகையாகப் பாருங்கள். தோளில் அகன்ற வெட்டு உள்ளது, துடுப்புப் படகுக்காரர் அணியும் வகை. அதன் மிதவைப் பட்டைகள் மார்புக்கு மேலே ஏறாது, கழுத்தை அழுத்தாது. அளவைக் கடையில் நின்றபடி பார்க்க வேண்டாம். அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள், உட்கார்ந்தால்தான் அது மேலே தள்ளும். பிறகு தோள்பட்டிகளைப் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். நாடிக்கு மேல் ஏறாவிட்டால் அந்த அளவு சரி. என் அம்மா சேலைக்கு மேல் அணிய மாட்டேன் என்று சொல்லி, இப்போது சல்வாரோடு அணிகிறார். நாங்கள் வாங்கியது நாவல் நிறம்; அவரே தெரிந்தெடுத்தது.